“டூட்டிக்கு நேரமாச்சு” என்று நிற்கும் அப்பாவை எங்கே கூட்டிப்போவது?

கேள்வி: என் அப்பாவுக்கு 77 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன் அல்சைமர் என்று சொன்னார்கள். இப்போது நடுத்தர நிலை என்கிறார் டாக்டர். நடை நன்றாக இருக்கிறது, பசி இருக்கிறது, பெயர்கள்தான் போய்விட்டன. அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாரே என்று வெளியே கூட்டிப்போகப் பார்த்தேன். மாலுக்குப் போனால் நகரும் படிக்கட்டைப் பார்த்து மிரண்டு நின்றுவிட்டார். சமயபுரத்தில் என் கையை உதறிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். கண்டுபிடிப்பதற்குள் உயிரே போய்விட்டது. சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒவ்வொருவராக வந்து “என்னைத் தெரியுதா?” என்று கேட்டதில் கண் கலங்கி, சாப்பிடாமலே கிளம்பிவிட்டோம். ஒருமுறை உடையை நனைத்துக்கொண்டார். எங்கே போனாலும் கொஞ்ச நேரத்தில் “வீட்டுக்குப் போலாம்” என்கிறார். ஆனால் தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு “டூட்டிக்கு நேரமாச்சு” என்று வாசலில் வந்து நிற்கிறார். “எங்க போனோம்னே மறந்துடுவார், எதுக்கு அவரை அலைக்கழிக்கிறே?” என்று பெங்களூரில் இருக்கும் அண்ணன் கேட்கிறார். நிறுத்திவிடலாமா? இல்லை, அவருக்குப் பிடிக்கிற மாதிரி எங்கேயாவது கூட்டிப்போக முடியுமா?

— வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, நிறுத்த வேண்டாம். நடக்கத் தெம்பும் சாப்பிடப் பசியும் இருக்கிற காலம் இந்த நோயில் அருமையான காலம். அதை நாலு சுவருக்குள் கழிய விடாதீர்கள். ஆனால் போகிற இடத்தையும் போகிற விதத்தையும் மாற்றத்தான் வேண்டும்.

முதலில் அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது. நடந்ததைப் பதிந்து வைக்க மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அல்சைமரில் முதலில் அடிபடுகிறவற்றில் அது ஒன்று. அதனால் அப்பா எங்கே போய் வந்தார் என்பதை மறப்பது உண்மைதான். ஆனால் அங்கே அவருக்கு ஏற்பட்ட சந்தோஷம் அதே வேகத்தில் மறைவதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சில சோகக் காட்சிகளையும் சில மகிழ்ச்சியான காட்சிகளையும் திரையில் காட்டிப் பார்த்தார்கள். 2014-ல் அந்த ஆய்வு வெளியானது. பார்த்த காட்சியில் என்ன வந்தது என்பது அவர்களுக்குச் சீக்கிரமே மங்கிவிட்டது. அது கிளப்பிய உணர்வு மட்டும் அதற்கப்புறமும் நீடித்தது. கல்யாண வீட்டிலிருந்து வந்த அன்று இரவு அப்பா எப்படி இருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். எதற்காக மனசு சரியில்லை என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் சரியில்லாமல்தான் இருந்திருப்பார். சந்தோஷமும் அதே வழியில்தான் தங்கும். அதனால் போய் வந்த பிறகு “எங்கப்பா போனோம்?” என்று கேட்காதீர்கள். அன்று சாயங்காலம் எப்படி இருந்தார், எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்று மட்டும் பாருங்கள். பயணம் நல்லதா கெட்டதா என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

இனி அந்த மூன்று இடங்கள். மால் வேண்டவே வேண்டாம். கண் நன்றாகத் தெரிந்தாலும் ஆழத்தையும் நிற வேறுபாட்டையும் மூளை பிரித்துப் பார்ப்பது இந்த நோயில் கெட்டுப்போகிறது. பளபளக்கும் தரை தண்ணீர் தேங்கியது போலத் தெரியும். வாசலில் போட்ட கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும். நகரும் படிக்கட்டு அவருக்கு என்னவாகத் தெரிந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அவர் மிரண்டதில் அர்த்தம் இருக்கிறது. சமயபுரம் அம்மன் மீது எவ்வளவு பக்தி இருந்தாலும் கூட்ட நாளில் அந்த வரிசையில் அவரை நிறுத்தாதீர்கள். தவிர்க்க முடியாத வேண்டுதல் என்றால் கூட்டமில்லாத வார நாள் காலையாகப் பார்த்துப் போங்கள்.

கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். “என்னைத் தெரியுதா?” என்பது நம்மூரில் பாசத்தில் கேட்கிற கேள்வி. ஆனால் மறதி நோய் உள்ளவருக்கு அது நாலு பேர் முன்னால் வைக்கிற பரீட்சை. தெரியவில்லை என்றால் அவமானம், தெரியும் என்றால் “அப்ப யாரு, சொல்லுங்க” என்று அடுத்த கேள்வி வந்துவிடும். பந்தியில் உட்காருவதற்குள் இப்படி இருபது பேர் கேட்டால் எந்த மனிதருக்கும் கண் கலங்கும். அடுத்த முறை சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே போன் செய்து, “அப்பாகிட்ட வர்றப்ப நீங்களே பேரையும் உறவையும் சொல்லிடுங்க” என்று கேட்டுக்கொள்ளுங்கள். “மாமா, நான் உங்க தங்கச்சி பையன், சௌக்கியமா?” என்று ஒருவர் வந்தால் போதும், அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார். முகூர்த்த நேரத்துக் கூட்டமும் மேளச் சத்தமும் அவருக்குத் தாங்காது. முதல் நாளோ, கல்யாணம் முடிந்த மறுநாளோ பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டில் இருக்கும்போது போய் ஆசீர்வாதம் செய்துவிட்டு வரலாம். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சரி, எங்கே போவது? பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தினமும் காலையில் அவரே சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். உங்களுக்கு அது தொந்தரவாகத் தெரிகிறது. எனக்கு அது ஒரு மனிதர் தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்வதாகத் தெரிகிறது. நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் பொன்மலைக்கு வந்த பணிமனை அது. அங்கே ஆயுசில் பாதியைக் கழித்த கை சும்மா இருக்காது. “நீங்க ரிட்டயர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?” என்று திருத்தப் போகாதீர்கள். “சரிப்பா, வாங்க, நானும் அந்தப் பக்கம்தான் போறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்புங்கள். பொன்மலை ரயில்வே காலனியின் மர நிழல் சாலைகளில் அரை மணி நேரம் நடந்தால் போதும். ஆர்மரி கேட் பக்கம் போய் வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்தபடி ஒரு டீ குடிக்கலாம். உள்ளே போக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கிற ஆள் என்றால் கேட்டை விட்டுத் தள்ளியே இருங்கள். அது உங்களுக்குத்தான் தெரியும். நடக்கும்போது “ஞாபகம் இருக்கா?” என்று ஆரம்பிக்காமல் நீங்களே ஒரு செய்தியைச் சொல்லுங்கள். “ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் உங்க ஷாப்புலதானேப்பா பண்ணாங்க?” அவருக்குப் பேசத் தோன்றினால் பேசுவார், இல்லாவிட்டால் தலையாட்டுவார். இரண்டும் நல்லதுதான். பலருக்கு இப்படி ஒரு சுற்று நடந்து வீடு திரும்பிய பிறகு “டூட்டி” என்ற பேச்சே அன்றைக்கு வராது.

கை கற்ற வேலை மூளையில் வேறு இடத்தில் பதிந்திருக்கிறது. பெயரும் தேதியும் போன பிறகும் அது வெகு நாள் தாங்கும். என்னிடம் வரும் பெரியவர் ஒருவர் தையல்காரராக இருந்தவர். மகள் பெயரைச் சொல்லத் தெரியாது. அவரை ஜவுளிக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். மருமகள் எடுத்த துணியை வாங்கி, ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, “இது சுருங்கும், வேண்டாம்” என்று மேசையில் வைத்துவிட்டார். கடைக்காரரே ஒப்புக்கொண்டார். அன்று முழுக்க அந்த வீட்டில் அவர்தான் பெரிய ஆள். உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும். போல்ட்டும் நட்டும் அடுக்கிய ஒரு இரும்புக் கடைக்கு, கூட்டமில்லாத நேரத்தில் கூட்டிப்போய் “எந்த ஸ்பானர் வாங்கலாம்ப்பா?” என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து பொன்மலைச் சந்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவது ரயில்வே குடும்பங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். கடை விரித்த கையோடு, கூட்டம் சேருமுன் சீக்கிரமே போய்விடுங்கள். பையை அவர் கையில் கொடுங்கள். பை கையில் இருந்தால் அவர் வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை, வீட்டுக்குக் காய் வாங்க வந்தவர். அவர் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துக் காம்பை அழுத்தி எடுத்துப் போட எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும். சட்டைப்பையில் சில பத்து ரூபாய் நோட்டுகள் இருக்கட்டும், அவரே கொடுக்கட்டும். கூடக் குறையப் போனால் என்ன இப்போது? ஒரே கடைக்காரரிடம் வாரா வாரம் போனால் அவருக்கும் விஷயம் புரிந்துவிடும். வாங்கி வந்த கீரையை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆய்வதுவரை சேர்த்துத்தான் இந்தப் பயணம்.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை ரயில். திருச்சி ஜங்ஷனில் விருத்தாசலம் பக்கம் போகும் பாசஞ்சரில் ஏறினால் பொன்மலை, டவுன் ஸ்டேஷன் வழியாகக் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்கிவிடலாம். குறைந்த தூரம்தான். ஆனால் ஜன்னல் ஓரம், தண்டவாளச் சத்தம், பணிமனைப் பக்கத்து யார்டு, அப்புறம் பாலத்தில் மாறுகிற அந்த ஓசை, எல்லாம் அவருடைய உலகம். வார நாளில் ஆபீஸ் கூட்டம் ஓய்ந்த பிறகு உள்ள வண்டியாகப் பாருங்கள். இதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும், ஏனென்றால் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான் ஆபத்து. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். வண்டி நிற்கும் நேரம் குறைவு என்பதால் ஸ்ரீரங்கம் வருவதற்கு முன்பே எழுந்து, உட்புறமாகவே நின்று தயாராகிவிடுங்கள். திரும்பி வர ஆட்டோ போதும். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை என்றால் பிளாட்பார டிக்கெட் எடுத்து ஜங்ஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வண்டி போவதைப் பாருங்கள். ரயில்வேக்காரருக்கு அதுவே பாதி சந்தோஷம்.

ரயில் அருங்காட்சியகமும் திருச்சியிலேயே இருக்கிறது, 2014-ல் திறந்தது. பழைய எஞ்சினும் விளக்கும் கடிகாரமும் அவரைப் பேச வைக்கலாம். எல்லாவற்றையும் காட்ட நினைக்காதீர்கள். ஒரு எஞ்சின் முன்னாலேயே நின்றுவிட்டார் என்றால் நின்றுகொள்ளுங்கள். கோவிலுக்கு என்றால் திருவானைக்காவல் நல்லது. அகலமான பிராகாரம், நிழல், உட்கார இடம். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், சுட்ட கல்லில் வெறுங்காலோடு நடக்க வைத்தால் அத்தோடு கதை முடிந்தது. அவருக்கு வழக்கமான சுலோகமோ தேவாரமோ இருந்தால் நீங்கள் முதல் அடியை எடுத்துக் கொடுங்கள், மிச்சம் தானாக வரும். பாட்டும் கை வேலை மாதிரி கடைசி வரை நிற்கிற ஒன்று. முக்கொம்புக்கு மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடுகிற நாளில் போங்கள். ஆடிப்பெருக்கு அன்று வேண்டாம்.

எந்த இடமானாலும் காலை நேரம்தான். சாயங்காலம் வெளிச்சம் மங்க ஆரம்பித்தால் இவர்களுக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். மாலுக்கு நீங்கள் மாலையில் போயிருந்தால் பாதி காரணம் அதுதான். ஒரு நாளில் ஒரே ஒரு இடம். ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். அவர் நன்றாக இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். “வந்தது வந்தோம், அப்படியே அதையும் பார்த்துட்டுப் போவோம்” என்பதில்தான் நல்ல பயணங்கள் கெட்டுப்போகின்றன. வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. கேட்காமலேயே அவ்வப்போது இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள். கடமைக்காகப் போகிற இடங்களையும் குறையுங்கள். நவம்பர் மாத உயிர்வாழ் சான்றுக்காக அவரை வங்கி வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே செல்போனில் முகத்தைப் படம் பிடித்து அனுப்ப வழி இருக்கிறது. மிச்சமாகும் தெம்பைச் சந்தைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

“வீட்டுக்குப் போலாம்” என்பதற்கு எப்போதும் அந்த அர்த்தம்தான் என்று இல்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டே அப்படிச் சொல்கிற பெரியவர்கள் எத்தனையோ பேர். அது பெரும்பாலும் சிறுநீர் வருகிறது, கால் வலிக்கிறது, சத்தம் தாங்கவில்லை, பயமாக இருக்கிறது என்பதில் ஏதாவது ஒன்று. “இப்பத்தானே வந்தோம்” என்று வாதாடாதீர்கள். “போலாம்ப்பா” என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாத பக்கமாக நாலடி நடங்கள், கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள், தண்ணீர் கொடுங்கள். அப்புறமும் அதையே சொன்னால் உண்மையாகவே கிளம்பிவிடுங்கள்.

கழிப்பறை என்றதும் உங்கள் தயக்கம் புரிகிறது. மகளால் அப்பாவோடு ஆண்கள் கழிப்பறைக்குள் போக முடியாது. தனியே அனுப்பினால் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் நிற்பார். பல மகள்கள் வெளியே போவதையே நிறுத்துவது இதனால்தான், ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு வேறு காரணம் சொல்வார்கள். கிளம்பும் முன் ஒருமுறை போக வையுங்கள். பெல்ட்டும் பொத்தானும் வைத்த பேண்டுக்குப் பதில் எலாஸ்டிக் இடுப்பு, வேட்டிதான் கட்டுவார் என்றால் வெல்க்ரோ வைத்தது. பையில் ஒரு மாற்று உடை, பிளாஸ்டிக் கவர், ஒரு துண்டு. ரயில் மாதிரி நீண்ட பயணத்துக்கு உள்ளாடை போலவே போடும் பெரியவர்களுக்கான டயப்பர் போட்டுவிடுவதில் தவறில்லை. போகிற இடத்தில் மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை இருந்தால் நீங்களும் உள்ளே போகலாம், பொறுப்பில் இருப்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, பழகிய ஆட்டோக்காரர் ஒருவரையே எப்போதும் கூப்பிடுவது. அப்பாவுக்கு அவர் முகம் பழகிவிடும், இறங்கி வந்து ஒரு கை கொடுப்பார், கழிப்பறை வரை கூடப் போவார். காத்திருப்புக்கு மனசார அதிகமாகவே கொடுங்கள். ஆட்டோவில் திறந்த பக்கம் நீங்கள் உட்கார்ந்து, கம்பி போட்ட பக்கம் அவரை உட்கார வையுங்கள். ஸ்கூட்டரின் பின்சீட்டு இனி வேண்டாம். ஓடும் வண்டியிலிருந்து இறங்கப் பார்ப்பார்கள்.

சமயபுரத்தில் நடந்தது மறுபடியும் நடக்கலாம் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். அவர் சட்டைப்பையிலும் கழுத்துச் சங்கிலியிலோ கை வளையத்திலோ உங்கள் போன் எண் இருக்கட்டும். கிளம்பும்போது வாசலில் வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், பதற்றத்தில் “என்ன கலர் சட்டை?” என்று போலீஸ் கேட்டால் நமக்கே நினைவு வராது. காணவில்லை என்றால் அரை மணி தேடிவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காமல் உடனே 112-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று: “எங்கள் அப்பாவுக்கு மறதி நோய். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நன்றி” என்று சின்ன அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் பக்கத்து மேசை வடையை அவர் எடுத்துவிட்டால் அவர் காதுபட விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், அட்டையை நீட்டினால் போதும். பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அண்ணனிடம் பணம் கேட்பதைவிட ஆள் கேளுங்கள். ஊருக்கு வரும்போது ரயில் பயணத்துக்கு அவர்தான் இரண்டாவது ஆள் என்று சொல்லிவிடுங்கள். பாலத்தின் மேல் வண்டி போகும்போது அப்பா முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அலைக்கழிப்பு என்ற பேச்சை அவர் எடுக்க மாட்டார். அன்று சாயங்காலம் அப்பாவை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு நீங்களும் அம்மாவும் எங்கேயாவது போய் வாருங்கள். அதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் சொல்கிறேன்.

இவ்வளவும் அவர் வழக்கம்போல் இருக்கும் நாட்களுக்கு. நேற்றுவரை நடந்தவர் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று தள்ளாடினாலோ, ஒரேயடியாகக் குழம்பினாலோ, பகலெல்லாம் அரைத்தூக்கத்தில் கிடந்தாலோ அன்றைக்கு எங்கேயும் கூட்டிப்போகாதீர்கள். நோய் முற்றிவிட்டது என்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அல்சைமர் அவ்வளவு வேகமாக நகராது. சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றுவது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.